ஆய்விதழுக்கு இணையத்தில் கட்டுரை அனுப்புதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்பும் நடைமுறை குறித்து ஆய்வு மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் எழுதி அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவாக அமைந்தவற்றை இந்தப் பகுதியில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆய்வை எப்படிச் செய்வது, கட்டுரையை எப்படி எழுதுவது என்று வழிகாட்டுவோர் பலர் இருக்கிறார்கள். எழுதி முடித்த கட்டுரையை இணையதளத்தில் ஏற்றும் கட்டத்தில் மட்டும் மாணவர் தனித்து விடப்படுகிறார். நல்ல ஆய்வுகள் பல அந்தக் கட்டத்தில் தேவையின்றித் தாமதப்படுவதால், சில பதில்களைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதியைக் கட்டுரையாக எழுதி முடித்திருக்கிறேன். நான் தேர்ந்தெடுத்த இதழ் மின்னஞ்சலில் கட்டுரைகளைப் பெறுவதில்லை. தளத்தில் பதிவுசெய்து உள்ளே சென்றபோது பக்கம் பக்கமாக விவரங்கள் கேட்கப்பட்டன, பாதியில் வெளியேறிவிட்டேன். எவற்றைத் தயார் செய்துகொண்டு மீண்டும் உள்ளே செல்ல வேண்டும்?

பதில்: பாதியில் வெளியேறியதால் உங்களுக்கு இழப்பு ஒன்றும் இல்லை. இத்தகைய தளங்கள் பொதுவாக நீங்கள் நிரப்பிய பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும். மீண்டும் உள்நுழைந்தால் முடிவுறாத கட்டுரைகள் என்ற பகுதியில் அது காத்திருக்கும். எடிட்டோரியல் மேனேஜர், ஸ்காலர்ஒன், ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் ஆகிய மென்பொருள்களில் ஏதேனும் ஒன்றைத்தான் உலகின் ஏராளமான ஆய்விதழ்கள் பயன்படுத்துகின்றன என்பதால், ஒரு தளத்தில் ஒரு முறை முழுமையாக அனுப்பிப் பழகியவருக்கு மற்றவை அந்நியமாகத் தோன்றுவதில்லை.

தளத்தைத் திறப்பதற்கு முன்பு, அந்த இதழ் கட்டுரையாளர்களுக்கென வெளியிட்டிருக்கும் வழிகாட்டுதல் பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை படியுங்கள். கட்டுரை எந்த வகையைச் சேர்ந்தது என்பதைத் தளம் தொடக்கத்திலேயே கேட்கும்; முழுநீள ஆய்வுக் கட்டுரை, சுருக்கமான அறிவிப்பு, மீள்பார்வைக் கட்டுரை ஆகிய ஒவ்வொன்றுக்கும் சொல் வரம்பும் படங்களின் எண்ணிக்கையும் வேறுபடும். மேற்கோள் பட்டியலை முதல் முறையே தங்கள் பாணியில்தான் அமைக்க வேண்டும் என்று சில இதழ்கள் வற்புறுத்துகின்றன. வேறு சில இதழ்கள், ஏற்கப்படும் வரை எந்தப் பாணியில் இருந்தாலும் சரி என்கின்றன. இதைத் தெரிந்துகொள்ளாமல் இரவெல்லாம் கண்விழித்து மேற்கோள்களை மாற்றியமைக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

அடுத்து, தளம் கேட்கப்போகும் விவரங்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு, ஆய்வுச் சுருக்கம், திறவுச்சொற்கள், ஒவ்வொரு கட்டுரையாளரின் முழுப்பெயர், மின்னஞ்சல், அவர் சார்ந்த நிறுவனம், நிதி உதவி கிடைத்திருந்தால் வழங்கிய அமைப்பின் பெயரும் அதன் ஒப்புதல் எண்ணும், மனிதர்களையோ விலங்குகளையோ உட்படுத்திய ஆய்வாக இருந்தால் அறநெறிக் குழு அளித்த அனுமதி எண், நலன் முரண்பாடு (ஆய்வின் நடுநிலையைப் பாதிக்கக்கூடிய பணத் தொடர்போ தனிப்பட்ட உறவோ) குறித்த அறிவிப்பு, தரவுகள் எங்கே கிடைக்கும் என்ற குறிப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். இவற்றில் பலவற்றைத் தளத்தின் முன் உட்கார்ந்து யோசித்து எழுத முடியாது. அறநெறிக் குழுவின் எண்ணுக்காகவும் இணைக் கட்டுரையாளரின் பதிலுக்காகவும் நாள்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

ஆய்வுச் சுருக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டுரைக் கோப்பில் அது ஏற்கெனவே இருந்தாலும், தளத்தில் ஒரு பெட்டிக்குள் அதை மீண்டும் ஒட்டச் சொல்வார்கள். வேர்டு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கிரேக்க எழுத்துகள், மேலெண்கள், கீழெண்கள், சாய்வெழுத்து ஆகியவை காணாமல் போவதுண்டு. பத்தின் மேலெண்ணாக இருந்த 6 இறங்கி அருகில் அமர்ந்துவிட்டால், பத்து இலட்சமாக இருந்த எண் 106 ஆகிவிடும். கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் துறை வல்லுநரான மதிப்பீட்டாளராக வரும்படி ஒருவரை இதழாசிரியர் அழைக்கும்போது, அழைப்புக் கடிதத்தில் பெரும்பாலும் இந்தப் பெட்டியில் உள்ள தலைப்பும் சுருக்கமும் மட்டுமே செல்கின்றன. உங்கள் கட்டுரையைப் படிக்க ஒருவர் ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் அந்தச் சில வரிகளைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே ஒட்டிய பிறகு அதை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

இதழாசிரியருக்கான முகப்புக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை. எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டீர்கள், என்ன கண்டறிந்தீர்கள், அது இந்த இதழின் வாசகர்களுக்கு ஏன் பயன்படும் என்பதை நேராக எழுதுங்கள். சுருக்கத்தை அப்படியே திருப்பி எழுதுவதும், இதழின் புகழைப் பாடுவதும் எந்த விதத்திலும் உதவுவதில்லை. வேறோர் இதழின் பெயர் கடிதத்தில் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கட்டுரையில் ஐந்து பேர் பங்கு வகித்தோம். துறைத் தலைவரின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆய்வில் அவர் ஈடுபடவில்லை. தளத்தில் ஒவ்வொருவரின் பங்களிப்பையும் குறிப்பிடச் சொல்கிறார்கள். என்ன செய்வது? தொடர்புக் கட்டுரையாளராக மாணவியான நானே இருக்கலாமா?

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்துள்ள நெறிகளை மருத்துவத் துறைக்கு வெளியிலும் பல இதழ்கள் பின்பற்றுகின்றன. அதன்படி, கட்டுரையாளர் என்று குறிப்பிடப்படுபவர் நான்கு நிபந்தனைகளையும் நிறைவு செய்ய வேண்டும். ஆய்வின் திட்டத்திலோ, தரவு திரட்டுவதிலோ, பகுப்பாய்விலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும் அல்லது அதன் கருத்துகளை ஆழ்ந்து திருத்தியிருக்க வேண்டும். வெளியாகும் வடிவத்துக்கு இறுதி ஒப்புதல் அளித்திருக்க வேண்டும். ஆய்வின் நேர்மை குறித்து எழும் கேள்விகளுக்குப் பொறுப்பேற்க உடன்பட்டிருக்க வேண்டும். ஆய்வுக்கூட வசதி செய்து கொடுத்தவருக்கும், பொதுவான மேற்பார்வை மட்டும் செய்தவருக்கும் உரிய இடம் நன்றியுரைப் பகுதி. அங்கே பெயர் குறிப்பதற்கும் அவருடைய சம்மதத்தைப் பெறுவது முறை.

பதவியில் இருப்பவரிடம் இதைச் சொல்வது மாணவருக்கு எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். தளம் கேட்கும் பங்களிப்புப் படிவம் இந்த இடத்தில் உங்களுக்குத் துணையாக நிற்கும். கிரெடிட் என்று அழைக்கப்படும் வகைப்பாட்டில் கருத்துருவாக்கம், முறையியல், தரவு மேலாண்மை, முதல் வரைவு எழுதுதல் என்று 14 பங்குகள் வரையறுக்கப்பட்டுள்ளன. அந்தப் பட்டியலை அனைவருக்கும் அனுப்பி, ஒவ்வொருவரும் தம் பங்கைத் தாமே குறிக்கும்படி கேளுங்கள். எந்தக் கட்டத்திலும் குறியிட முடியாதவரைப் பற்றிய பேச்சு, தனிமனித மனத்தாங்கலாக மாறாமல், இதழின் விதியைப் பற்றிய பேச்சாக அமையும். கட்டுரையை அனுப்பிய பிறகு ஒரு பெயரைச் சேர்ப்பதோ நீக்குவதோ எளிதன்று. எல்லாக் கட்டுரையாளர்களின் எழுத்துபூர்வமான சம்மதத்தையும் காரணத்தையும் இதழ் அலுவலகம் கேட்கும். வரிசையையும் பெயர்களையும் அனுப்புவதற்கு முன்பே உறுதிசெய்துவிடுங்கள்.

தொடர்புக் கட்டுரையாளராக நீங்கள் இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. இதழிலிருந்து வரும் கடிதங்களுக்கு உரிய நேரத்தில் பதில் எழுதவும், கட்டுரை வெளியான பிறகு வாசகர்கள் கேட்கும் விளக்கங்களைத் தரவும் அவர் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பட்டம் முடிந்ததும் பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சல் முகவரி செயலிழக்கக்கூடும். கட்டுரையோ அதற்குப் பிறகும் பரிசீலனையில் இருக்கலாம். தளத்தில் இரண்டாவது முகவரி கொடுக்க இடமிருந்தால் உங்கள் சொந்த முகவரியையும் சேர்த்துவிடுங்கள். 2012இல் தொடங்கப்பட்ட ஆர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண்ணையும் பெற்றுக்கொள்ளுங்கள். அது இலவசம், நிறுவனம் மாறினாலும், பெயர் எழுதும் முறை மாறினாலும் உங்கள் ஆய்வுகள் உங்களிடமே சேரும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இட்டு எழுதும் நம்மவர்களின் பெயர்களை, குடும்பப்பெயர், சொந்தப்பெயர் என்று இரு பெட்டிகளில் பிரித்துக் கேட்கும் தளங்கள் வெவ்வேறு விதமாகப் பதிவு செய்துவிடுகின்றன. அந்தக் குழப்பத்திலிருந்து ஓரளவு காப்பாற்றுவது இந்த எண்தான். முதல் கட்டுரையில் பெயரை எப்படிப் பிரித்து எழுதுகிறீர்களோ, அதையே எப்போதும் கடைப்பிடியுங்கள்.

கேள்வி: கட்டுரையாளர் யார் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக்கூடாது என்று இதழ் சொல்கிறது. தலைப்புக்குக் கீழே இருந்த பெயர்களை நீக்கிவிட்டேன். அது போதுமா?

பதில்: போதாது. பெயர், நிறுவனம், நன்றியுரை, நிதி உதவி விவரம் ஆகியவற்றைக் கொண்ட தலைப்புப் பக்கத்தைத் தனிக் கோப்பாக்கி, தளத்தில் அதற்கென உள்ள வகையைத் தேர்ந்தெடுத்து ஏற்றுங்கள். எந்த வகையில் ஏற்றுகிறீர்களோ அதைப் பொறுத்தே மதிப்பீட்டாளரின் பார்வைக்கு அந்தக் கோப்பு செல்வதும் மறைக்கப்படுவதும் நிகழும். தலைப்புப் பக்கத்தைத் தவறுதலாக முதன்மைக் கோப்பு என்று குறித்துவிட்டால் மற்ற முயற்சிகள் எல்லாம் வீணாகும்.

அடுத்து, கோப்பின் உள்ளே மறைந்திருக்கும் விவரங்களைக் கவனியுங்கள். வேர்டு கோப்பின் பண்புகளில் அதை உருவாக்கியவரின் பெயர் பதிவாகியிருக்கும். ஆவணத்தை ஆய்வு செய்யும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது, அதைக் கொண்டு நீக்கலாம். திருத்தக் குறிப்புகளிலும் பக்க ஓரக் கருத்துகளிலும் உங்கள் வழிகாட்டியின் பெயர் இருக்கக்கூடும். கோப்பின் பெயரிலேயே தம் பெயரை வைத்து அனுப்புபவர்களும் உண்டு.

கட்டுரைக்குள் உங்கள் முந்தைய ஆய்வைக் குறிப்பிடும் இடங்கள் இன்னும் நுட்பமானவை. “எங்கள் முந்தைய கட்டுரையில் காட்டியபடி” என்று எழுதி மேற்கோள் தந்தால் யார் என்பது வெளிப்பட்டுவிடும். அதற்காக அந்த மேற்கோளையே நீக்கிவிடுவதும் சரியன்று. மதிப்பீட்டாளருக்குத் தேவையான அடிப்படை அதனால் மறைந்துபோகும். மற்றவர்களின் ஆய்வைச் சுட்டுவதைப் போலவே படர்க்கையில் எழுதுவது நல்ல வழி. அறநெறி அனுமதிக் குறிப்பில் நிறுவனத்தின் பெயர் இருந்தால் அதைத் தற்காலிகமாக மறைத்து, தலைப்புப் பக்கத்தில் முழு விவரத்தையும் தாருங்கள். தரவுகளைப் பொதுக் களஞ்சியத்தில் வைத்திருந்தால், பெயர் தெரியாமல் பார்வையிடுவதற்கான தனி இணைப்பை உருவாக்கித் தரும் வசதி சில களஞ்சியங்களில் இருக்கிறது.

கேள்வி: மதிப்பீட்டாளர்கள் மூவரின் பெயரை நாங்களே பரிந்துரைக்க வேண்டுமாம். தெரிந்தவர்களின் பெயரைக் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் துறையை நன்கு அறிந்தவர்களைக் கொடுங்கள், உங்களை நன்கு அறிந்தவர்களைத் தவிர்த்துவிடுங்கள். அண்மையில் உங்களுடன் சேர்ந்து கட்டுரை எழுதியவர், ஒரே நிறுவனத்தில் பணிபுரிபவர், வழிகாட்டியாக இருந்தவர், உறவினர் ஆகியோரைப் பரிந்துரைப்பது நலன் முரண்பாடு ஆகும். உங்கள் மேற்கோள் பட்டியலில் அடிக்கடி இடம்பெறும் ஆய்வாளர்களிடமிருந்து தொடங்குவது எளிது. அவர்கள் ஒவ்வொருவரும் ஏன் பொருத்தமானவர் என்று ஒரு வரி எழுதினால் இதழாசிரியருக்கு உதவியாக இருக்கும்.

மின்னஞ்சல் முகவரி அவர்களுடைய நிறுவனத்தின் முகவரியாக இருக்கட்டும். இதில் இதழ்கள் கடுமையாக இருப்பதற்கு வலுவான காரணம் உண்டு. கட்டுரையாளர் தரப்பிலிருந்தே போலி முகவரிகள் கொடுக்கப்பட்டு, போலி மதிப்பீடுகள் எழுதப்பட்ட நிகழ்வுகள் தெரியவந்ததைத் தொடர்ந்து, டியூமர் பயாலஜி என்ற இதழில் வெளியான 107 கட்டுரைகள் 2017இல் ஒரே நேரத்தில் திரும்பப் பெறப்பட்டன. பணம் பெற்றுக்கொண்டு கட்டுரையை அனுப்பித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களிடம் கடவுச்சொல்லைக் கொடுப்பவர்கள், தங்கள் பெயரில் இத்தகைய செயல்கள் நடப்பதைத் தெரியாமலே அனுமதித்தவர்களாகிவிடுகிறார்கள். தளத்தில் உங்கள் கணக்கிலிருந்து செல்லும் ஒவ்வொன்றுக்கும் நீங்களே பொறுப்பு.

குறிப்பிட்ட ஒருவர் மதிப்பிட வேண்டாம் என்று கேட்கும் பெட்டியும் சில தளங்களில் இருக்கும். உண்மையான காரணம் இருந்தால் மட்டும், ஓரிரு பெயர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாப் பக்கங்களையும் நிரப்பி, கோப்புகளை ஏற்றி, அனுப்பும் பொத்தானையும் அழுத்திவிட்டேன். வாரங்கள் கடந்தும் கட்டுரை எண் வரவில்லை. இதழ் அலுவலகத்துக்கு எழுதலாமா?

பதில்: எழுதுவதற்கு முன்பு மீண்டும் உள்நுழைந்து பாருங்கள். பெரும்பாலும் உங்கள் கட்டுரை இன்னும் உங்களிடமே இருக்கும். எடிட்டோரியல் மேனேஜர் போன்ற தளங்களில், நீங்கள் ஏற்றிய கோப்புகள் அனைத்தும் சேர்ந்து ஒரே பிடிஎஃப் கோப்பாக உருவாக்கப்படும். அதைத் திறந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று ஒப்புதல் அளித்த பிறகே அது இதழுக்குச் செல்லும். பிடிஎஃப் உருவாகச் சில நிமிடங்கள் ஆவதால், வேலை முடிந்தது என்று எண்ணிப் பலர் உலாவியை மூடிவிடுகிறார்கள். கட்டுரையாளரின் ஒப்புதலுக்காகக் காத்திருப்பவை என்ற தலைப்பின் கீழ் அது கிடக்கும்.

ஒப்புதல் அளிப்பதற்கு முன்பு அந்தப் பிடிஎஃப்பை முழுமையாகப் படியுங்கள், ஏனென்றால் மதிப்பீட்டாளர் காணப்போவது அதைத்தான். படங்கள் வரிசை மாறியிருக்கலாம், சமன்பாடுகள் சிதைந்திருக்கலாம், லேட்டெக்ஸ் என்ற ஆவண வடிவமைப்பு மென்பொருளில் எழுதியவர் பாணிக் கோப்பையோ மேற்கோள் கோப்பையோ ஏற்ற மறந்திருந்தால் மேற்கோள்கள் இருக்க வேண்டிய இடங்களில் கேள்விக்குறிகள் நிற்கும். தமிழ் போன்ற எழுத்துகளில் எடுத்துக்காட்டுகள் தரும் மொழியியல், இலக்கிய ஆய்வாளர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை தளத்தின் பிடிஎஃப்பில் பொருளற்ற குறிகளாகவோ கட்டங்களாகவோ மாறிவிடும். ஒருங்குறியில் தட்டச்சு செய்து, எழுத்துருவைக் கோப்புக்குள் பொதித்து அனுப்புங்கள். அப்போதும் சிதைந்தால், நீங்களே உருவாக்கிய பிடிஎஃப் ஒன்றைத் துணைக்கோப்பாக இணைத்து, முகப்புக் கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

கேள்வி: அனுப்பிய இரண்டாம் நாளே கட்டுரை திரும்பி வந்துவிட்டது. இவ்வளவு விரைவில் நிராகரித்துவிட்டார்களா?

பதில்: கடிதத்தை அமைதியாகப் படித்துப் பாருங்கள். அது தொழில்நுட்பச் சரிபார்ப்பின் விளைவாகவே பெரும்பாலும் இருக்கும். இதழாசிரியர் கட்டுரையைப் பார்ப்பதற்கு முன்பு, சொல் வரம்பு, அறிவிப்புகள், படங்களின் தெளிவு ஆகியவற்றை அலுவலகப் பணியாளர்கள் சோதிக்கிறார்கள். குறை இருந்தால் அதைச் சரிசெய்து மீண்டும் ஏற்றும்படி திருப்பி அனுப்புகிறார்கள். ஒளிப்படங்களுக்குக் குறைந்தது 300 டிபிஐ (ஓர் அங்குலத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை) அடர்த்தியும், கோட்டு வரைபடங்களுக்கு அதைவிடக் கூடுதலான அடர்த்தியும் கேட்பது வழக்கம். சிறிய படத்தைப் பெரிதாக்கி எண்ணிக்கையை மட்டும் உயர்த்துவதால் தெளிவு வராது. பகுப்பாய்வு மென்பொருளிலிருந்தே தேவையான அளவில் மீண்டும் எடுங்கள்.

பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமையைக் கண்டறியும் மென்பொருளும் இந்தக் கட்டத்தில் இயக்கப்படலாம். இத்தனை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று மாணவர்களிடையே உலவும் எண்களை நம்பி இருக்க வேண்டாம். மேற்கோள் பட்டியலும் வழக்கமான முறையியல் தொடர்களும் சேர்ந்து எண்ணை உயர்த்திவிடும். மறுபுறம், மொத்த எண் குறைவாக இருந்தும் ஒரு முழுப் பத்தி அப்படியே எடுக்கப்பட்டிருந்தால் அது பெருங்குறையே. நல்ல இதழாசிரியர் எண்ணைத் தாண்டி, எந்த இடத்தில் எது ஒத்திருக்கிறது என்பதைப் பார்க்கிறார்.

உண்மையிலேயே இதழாசிரியர் மதிப்பீட்டுக்கு அனுப்பாமல் மறுத்திருந்தால், இதழின் எல்லைக்குள் கட்டுரை அடங்கவில்லை என்பதே பொதுவான காரணம். விரைவான மறுப்பு உங்கள் காலத்தை மிச்சப்படுத்துகிறது. அதே வாரத்தில் வேறு இதழுக்கு அனுப்பலாம்.

கேள்வி: “வித் எடிட்டர்” என்ற நிலையிலேயே கட்டுரை நீண்ட காலமாக நிற்கிறது. இதற்கு என்ன பொருள்?

பதில்: இதழாசிரியர் அதைப் படித்துக்கொண்டிருக்கலாம், அல்லது மதிப்பீட்டாளர்களைத் தேடிக்கொண்டிருக்கலாம். அழைக்கப்பட்டவர்களில் பலர் மறுத்துவிடுவதால் இந்தத் தேடல் நீளும். தேவையான எண்ணிக்கையில் ஒப்புக்கொண்ட பிறகே பல தளங்களில் “அண்டர் ரிவியூ”, அதாவது மதிப்பீட்டில் உள்ளது, என்று நிலை மாறும். இதழ் தன் சராசரிக் காலத்தை வெளியிட்டிருந்தால் அதைக் கடந்த பிறகு, கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டுப் பணிவான சிறு கடிதம் ஒன்று எழுதலாம். அது தவறாகக் கருதப்படாது.

கேள்வி: ஒரே கட்டுரையை இரண்டு இதழ்களுக்கு அனுப்பி, முதலில் ஏற்பதில் வெளியிடலாமா? முன்அச்சுத் தளத்தில் வைப்பதும் இதே குற்றமா?

பதில்: முதலாவது கூடாது, இரண்டாவது பெரும்பாலும் ஏற்கத்தக்கது. கட்டுரை வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்று தளத்தில் நீங்கள் உறுதிமொழி அளிக்கிறீர்கள். ஊதியம் எதுவும் பெறாமல் தம் நேரத்தைக் கொடுக்கும் மதிப்பீட்டாளர்கள், ஒரே கட்டுரைக்காக இரண்டு இடங்களில் உழைக்க நேர்வது அநீதி. அவர்களில் ஒருவரே இரண்டு இதழ்களிலிருந்தும் அழைக்கப்படுவதும், அதனால் உண்மை வெளிப்படுவதும் நடக்கக்கூடியதுதான். ஓர் இதழிலிருந்து விலக விரும்பினால் எழுத்தில் தெரிவித்து, விலக்கம் உறுதிசெய்யப்பட்ட பிறகே அடுத்த இதழுக்குச் செல்லுங்கள்.

முன்அச்சு என்பது, மதிப்பீட்டுக்கு முந்தைய வடிவத்தைப் பொதுவில் வைப்பது. இயற்பியலாளர்களுக்காக 1991இல் தொடங்கிய ஆர்க்சிவ் முதல், 2013இல் தொடங்கிய பயோஆர்க்சிவ் வரை பல தளங்கள் இதற்கென இருக்கின்றன. பல இதழ்கள் இதை முந்தைய வெளியீடாகக் கருதுவதில்லை. ஆனால் எல்லா இதழ்களும் அப்படி அல்ல என்பதால் இதழின் கொள்கையைப் பார்த்துவிட்டு, கட்டுரை அனுப்பும்போது முன்அச்சின் இணைப்பைத் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு மொழியைச் செம்மைப்படுத்தினேன். அதைச் சொல்ல வேண்டுமா?

பதில்: சொல்லுங்கள். எழுத்துப்பிழை, இலக்கணத் திருத்தம் ஆகியவற்றோடு நின்றால் அறிவிக்கத் தேவையில்லை என்று சில இதழ்கள் கூறுகின்றன. வேறு சில இதழ்கள் எந்தப் பயன்பாட்டையும் குறிப்பிடச் சொல்கின்றன. தாய்மொழி அல்லாத மொழியில் எழுத வேண்டியவர் உதவி பெறுவதில் இழிவு ஏதும் இல்லை. வெளியீட்டு நெறிகளுக்கான கோப் என்ற அமைப்பு 2023இல் தெளிவுபடுத்தியது என்னவென்றால், இத்தகைய கருவியைக் கட்டுரையாளராகக் குறிப்பிட முடியாது, ஏனென்றால் எழுதப்பட்டதற்கு அதனால் பொறுப்பேற்க முடியாது. கருவி மாற்றிய ஒவ்வொரு வாக்கியத்திலும் உங்கள் பொருள் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். ‘தொடர்பு காணப்பட்டது’ என்று நீங்கள் எழுதியது ‘காரணமாக அமைந்தது’ என்று மெருகேறி வந்தால், அது மொழித் திருத்தமாக இல்லாமல் முடிவையே மாற்றிய செயலாகிவிடும். கருவி சேர்த்த மேற்கோள்களை மூலத்தில் சரிபார்க்காமல் ஒருபோதும் விடாதீர்கள். இல்லாத கட்டுரைகளை அவை உருவாக்கித் தருவதுண்டு.

கேள்வி: புகழ்பெற்ற இதழின் பெயரில் மின்னஞ்சல் வந்தது. ஒரு வாரத்தில் வெளியிடுவதாகவும், முன்பணம் செலுத்தும்படியும் கேட்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் நம்பாமல் இருப்பதே நல்லது. உண்மையான மதிப்பீடு ஒரு வாரத்தில் முடிந்து கட்டுரை வெளியாவது இயல்பன்று. பழைய இதழ் ஒன்றின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொண்டு போலித் தளம் அமைக்கும் கும்பல்கள் இருக்கின்றன. எட்டு இலக்கங்கள் கொண்ட அந்த எண் இதழை அடையாளம் காட்டுமே தவிர, தரத்துக்குச் சான்றளிப்பதில்லை. மின்னஞ்சலில் வந்த இணைப்பைப் பின்பற்றாமல், பதிப்பகத்தின் முதன்மைத் தளத்திலிருந்தோ ஐஎஸ்எஸ்என் தளத்திலிருந்தோ இதழின் முகவரியைக் கண்டறியுங்கள். இதழாசிரியர் குழுவில் உள்ள ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழ் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய இதழாக இருந்தால், அத்தகைய இதழ்களைத் தொகுத்துத் தரும், 2003 முதல் இயங்கும் டிஓஏஜே பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். திங்க் செக் சப்மிட் என்ற தளம் கேட்க வேண்டிய கேள்விகளை எளிமையாக வரிசைப்படுத்தித் தருகிறது.

கட்டணம் கேட்பது மட்டுமே மோசடிக்கு அடையாளம் ஆகாது. வாசகர்களிடம் பணம் பெறாத இதழ்களில் பல, கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு கட்டுரையாளரிடமிருந்தோ அவருடைய நிறுவனத்திடமிருந்தோ கட்டணம் பெறுகின்றன; பொருளியல் போன்ற துறைகளில், அனுப்பும்போதே சிறு கட்டணம் பெறும் மதிப்புமிக்க இதழ்களும் உள்ளன. தொகை எவ்வளவு என்பது தளத்தில் வெளிப்படையாக இருக்க வேண்டும். கட்டணச் சலுகை தேவைப்படுவோர் கட்டுரையை அனுப்பும்போதே அதைக் கேட்க வேண்டும் என்று பல பதிப்பகங்கள் விதித்திருக்கின்றன. ஏற்கப்பட்ட பிறகு கேட்டால் மறுக்கப்படலாம். கட்டணம் இல்லாமலே வெளியிடும் நல்ல இதழ்களும் பல உள்ளன என்பதை மாணவர்கள் மறந்துவிடக்கூடாது.

கேள்வி: பெரிய திருத்தங்கள் தேவை என்று முடிவு வந்திருக்கிறது. திருத்திய கட்டுரையைப் புதிதாக அனுப்ப வேண்டுமா? மதிப்பீட்டாளர் சொன்ன ஒன்றை நான் ஏற்கவில்லை.

பதில்: புதிதாக அனுப்பாதீர்கள். தளத்தில் திருத்தம் தேவைப்படும் கட்டுரைகள் என்ற பகுதியில் பழைய எண்ணோடு உங்கள் கட்டுரை இருக்கும். அங்கிருந்தே தொடங்க வேண்டும். புதிய கட்டுரையாக ஏற்றினால் முந்தைய மதிப்பீடுகளோடு உள்ள தொடர்பு அறுந்து, புதிய கட்டுரையைப் போலவே அது பரிசீலிக்கப்படும்.

மதிப்பீட்டாளரின் ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்தெழுதி, அதன் கீழே உங்கள் பதிலையும், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் மாற்றம் செய்தீர்கள் என்பதையும் குறிப்பிட்டு ஒரு விளக்கக் கடிதம் தயாரியுங்கள். மாற்றங்கள் தெரியும் வடிவத்தையும் சீரான வடிவத்தையும் தனித்தனியே ஏற்றுங்கள். ஏற்காத கருத்தை மௌனமாகக் கடந்துவிடாமல், ஏன் ஏற்கவில்லை என்பதைச் சான்றோடு எழுதுங்கள். நியாயமான மறுப்பை இதழாசிரியர்கள் மதிக்கிறார்கள். மதிப்பீட்டாளர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும், அந்த இடத்தில் உங்கள் எழுத்து தெளிவாக இருந்ததா என்று ஒரு முறை பாருங்கள். வாசகர்களுக்கும் அதே குழப்பம் வரக்கூடும் என்பதால் ஒரு வாக்கியத்தையாவது தெளிவுபடுத்துவது பயன் தரும்.

திருத்தத்தைத் தொடங்கும்போது, சில தளங்கள் பழைய கோப்புகளைத் தாமாகவே புதிய பதிவுக்குக் கொண்டுவந்து வைக்கும். எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை நீக்குவது என்பதை நீங்கள் குறிக்க வேண்டும். குறிக்காமல் விட்டால் பழைய படமும் புதிய படமும் சேர்ந்தே மதிப்பீட்டாளரிடம் செல்லும். காலக்கெடுவுக்குள் முடிக்க இயலாது என்று தோன்றினால், அது முடிவதற்கு முன்பே இதழ் அலுவலகத்துக்கு எழுதி நீட்டிப்புக் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். கெடு கடந்துவிட்டால் திருத்தம் ஏற்றுவதற்கான இணைப்பு மூடிவிடக்கூடும், அதை மீண்டும் திறக்கும் அதிகாரம் அலுவலகத்திடமே இருக்கிறது.